கந்தோரை ஊர்மாற்றுதல்: வெளிநாட்டு அலுவலக நகைச்சுவைத் தொடரை மட்டக்களப்புக்கு எழுதும் முறை

பிரித்தானியாவின் ‘த ஒஃபிஸ்’ தொடர் 2001 ஜூலையில் பிபிசியில் தொடங்கியபோது அதன் களம், லண்டனுக்கு மேற்கேயுள்ள ஸ்லௌ நகரில் இயங்கும் ஒரு காகித விற்பனைக் கொம்பனியின் கிளை அலுவலகமாக இருந்தது. அந்தத் தொடரை நமது மக்களுக்கு ஏற்றவாறு தமிழில் எழுதிப் பார்ப்பது என்று நாங்கள் ஆறு பேர் கல்லடியில் ஒரு வீட்டு விறாந்தையில் கூடிய முதல் நாளிலேயே, “காகிதம் என்றால் நமக்கு வாழைச்சேனை இருக்கிறதே” என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் அதை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டோம். மூன்று வாரங்கள் அந்த வழியிலேயே எழுதினோம். அப்படி எழுதிய எதுவும் பின்னர் பயன்படவில்லை. இதே வேலையில் இறங்கவிருக்கும் இன்னொரு குழுவுக்கு அந்த மூன்று வாரங்களை மிச்சப்படுத்த வேண்டும் என்பதற்காகவே இந்த வழிகாட்டியை அங்கிருந்து தொடங்குகிறேன்.

ஸ்லௌவில் காகிதம் என்பது எவருடைய மனத்தையும் தொடாத ஒரு சரக்கு. அதை விற்பவர்களுக்கே அதில் அக்கறை இல்லை என்பதுதான் அந்தத் தொடரின் அடித்தளம். வாழ்நாளின் பெரும்பகுதி இப்படியொரு பொருளுக்காகக் கழிகிறதே என்ற சோர்வு ஒவ்வொரு காட்சிக்கும் கீழே ஓடிக்கொண்டிருக்கிறது. வாழைச்சேனைக் காகித ஆலையோ 1950களில் அரச முயற்சியாக எழுந்தது. வயல்களின் வைக்கோலைக் கூழாக்கிக் காகிதம் செய்தது. குடும்பங்கள் அதை நம்பி வாழ்ந்தன. இயந்திரங்கள் நின்றுபோயிருந்த ஆண்டுகளைப் பற்றி அந்தப் பக்கத்து முதியவர் ஒருவரிடம் கேட்டால் அவருடைய குரல் தாழ்ந்துவிடும். ஸ்லௌவில் சலிப்பைக் குறிக்கும் காகிதம் வாழைச்சேனையில் இழப்பைக் குறிக்கிறது. பொருள் ஒன்றுதான், ஆனால் கதைக்குள் அது செய்யும் வேலை நேர் எதிரானது.

ஆகவே மூலத்தில் உள்ள ஒவ்வொன்றையும் எடுத்து, அது அங்கே என்ன வேலை செய்கிறது என்று முதலில் கேளுங்கள். பிறகு அதே வேலையை நமது ஊரில் எது செய்கிறது என்று தேடுங்கள். ஜேர்மனியில் 2004இல் தொடங்கிய ‘ஸ்ட்ரோம்பெர்க்’ தொடர் காகிதத்தை விட்டுவிட்டு ஒரு காப்புறுதிக் கொம்பனியை எடுத்துக்கொண்டது. மேலிடத்துக்குப் பணிந்து கீழே உள்ளவர்களை அழுத்தும் ஒருவரை அதன் நடுவில் வைத்தது. அமெரிக்காவில் என்பிசி நிறுவனம் 2005 மார்ச்சில் தனது முதல் அத்தியாயத்தைப் பிரித்தானியக் கதைவசனத்தை ஏறக்குறைய அப்படியே வைத்து எடுத்தது. இரண்டாவது அத்தியாயத்திலிருந்து சொந்தக் கதைகளை எழுதத் தொடங்கிய பின்னரே, அடுத்த பருவத்தில் முகாமையாளரைச் சற்று இரக்கத்துக்குரியவராக மாற்றிய பின்னரே, அந்தத் தொடர் தன் கால்களில் நின்றது. பிரித்தானியத் தொடர் இரண்டு பருவங்களில் 12 அத்தியாயங்களும் ஒரு நத்தார் சிறப்புத் தொடரின் இரண்டு பாகங்களுமாக முடிந்துவிட்டது. அமெரிக்கத் தொடர் 2013 வரை 201 அத்தியாயங்கள் ஓடியது. பதினான்கு முறை மட்டும் சந்திக்க வேண்டிய ஒரு மனிதரைத் தாங்க முடியாதவராக எழுதலாம், ஆனால் ஒன்பது பருவங்கள் வீட்டுக்குள் வரப்போகிறவரை அப்படி எழுத முடியாது. உங்கள் தொடர் எத்தனை அத்தியாயங்கள் என்பதை முன்கூட்டியே தீர்மானியுங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

மூலத்தைப் பார்க்கும் முறை

ஓர் அத்தியாயத்தைக் குறைந்தது மூன்று முறை பார்க்க வேண்டும். முதல் முறை வெறுமனே பார்வையாளராகப் பாருங்கள். இரண்டாம் முறை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். யார் வரும்போது யார் எழுந்து நிற்கிறார், யார் யாருடைய மேசையை அணுகுகிறார், யார் கதவைத் தட்டாமல் உள்ளே போகிறார் என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் முறை ஒலியோடு பார்த்து, சிரிப்பு வந்த ஒவ்வோர் இடத்திலும் எவர் எதை இழந்தார் என்று எழுதுங்கள்.

இரண்டாவது முறையை எவரும் தவிர்க்க வேண்டாம். பிரித்தானியத் தொடரில் முகாமையாளர் ஊழியருடைய மேசையின் விளிம்பில் சாய்ந்து அமர்ந்து பேசுவார். நானும் உங்களில் ஒருவன் என்று காட்டுவதற்காக அவர் செய்யும் செயல் அது. ஊழியர்கள் விரும்பாவிட்டாலும் தடுக்க முடியாது. நமது அலுவலகத்தில் எந்த முகாமையாளரும் மேசையில் அமரமாட்டார். அமர்ந்தால் அது வேறு பொருள் தரும். அப்படியானால் நானும் உங்களில் ஒருவன் என்று நமது முகாமையாளர் எப்படிக் காட்டுவார்? மதியம் எல்லோரும் சோற்றுப் பார்சலை விரித்திருக்கும் நேரத்தில் வந்து, “என்ன கறி இண்டைக்கு?” என்று கேட்டுக்கொண்டே எழுதுவினைஞருடைய பார்சலிலிருந்து பொரித்த மீன் துண்டொன்றை எடுத்து வாயில் போடுவார். அந்த மீன் துண்டை எழுதுவினைஞருடைய மனைவி ஒன்றே ஒன்றாக வைத்திருந்தார் என்பது பார்வையாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மேசை விளிம்பு செய்த வேலையை அந்த மீன் துண்டு இங்கே செய்துவிடும்.

எதற்குப் பயப்படுகிறார்கள்?

அலுவலக நகைச்சுவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பயம் இருக்கிறது. ஸ்லௌ கிளையை இன்னொரு கிளையோடு சேர்த்து ஆட்களைக் குறைக்கப்போகிறார்கள் என்ற செய்தியுடன்தான் மூலத் தொடர் தொடங்குகிறது. அந்தச் செய்தியை அப்படியே எடுத்து ஒரு பிரதேச செயலகத்துக்குள் வைத்தால் கதை நின்றுவிடும், ஏனென்றால் நிரந்தர நியமனம் பெற்று ஓய்வூதியம் எதிர்பார்த்திருக்கும் அரச ஊழியருக்கு வேலை போய்விடும் என்ற பயம் அன்றாடப் பயமல்ல. அவருடைய அன்றாடப் பயம் இடமாற்றம். காரைதீவில் வீடும் பள்ளிக்கூடத்துக்குப் போகும் இரண்டு பிள்ளைகளும் உள்ள ஒருவருக்கு கரையிலிருந்து தொலைவிலுள்ள மகாஓயாவுக்கோ பதியத்தலாவைக்கோ மாற்றக் கடிதம் வருவது என்றால் என்ன என்பதை அம்பாறை மாவட்டத்தில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதற்கு அடுத்த பயம் கணக்காய்வு. ஒப்பந்த அடிப்படையில் இருப்பவர்களுக்கு நிரந்தரமாக்கும் கடிதம் வருமா என்ற பயம் தனியாக உண்டு. ஒரே அறைக்குள் அந்த இரண்டு வகை மனிதர்களையும் பக்கத்துப் பக்கத்துக் கதிரைகளில் இருத்தினால் கதை தானாக நகரும்.

தனியார் கொம்பனியை எடுத்தால் பயம் மாறும். லீசிங் கொம்பனியின் கிளையில் மாத இலக்குத்தான் பயம். அந்த இலக்கை எட்டுவதற்காகத் தன் சொந்த ஊரவரிடமே மோட்டார் சைக்கிளைப் பறிக்கப் போக வேண்டிய இளைஞனின் நிலை நகைச்சுவைக்கும் துயரத்துக்கும் சம தூரத்தில் இருக்கிறது. அரிசி ஆலை, அரசசார்பற்ற நிறுவனம், கூட்டுறவுச் சங்கம் என்று எதை எடுத்தாலும், அங்கே பத்து ஆண்டுகள் வேலை செய்த ஒருவருடன் ஒரு மாலைப் பொழுது இருந்து, “ஞாயிற்றுக்கிழமை இரவில் எதை நினைத்து நித்திரை வராமல் கிடப்பீர்கள்?” என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதில்தான் உங்கள் முதல் அத்தியாயம்.

நிறுவனத்துக்கு நிறுவனம் பொருத்திப் பார்த்தல்

இந்தியாவில் ‘பஞ்சாயத்’ என்ற இந்தித் தொடர் 2020இல் வெளியாகி, 2024இல் ‘தலைவெட்டியான் பாளையம்’ என்று தமிழ்நாட்டுத் தமிழிலும் அதன் பிறகு தெலுங்கிலும் தழுவப்பட்டது. நகரத்தில் படித்த இளைஞன் வேறு வேலை கிடைக்காமல் கிராமப் பஞ்சாயத்துச் செயலாளராகப் போகிறான். தலைவி தேர்தலில் வென்ற பெண், ஆனால் நாற்காலியில் இருப்பவர் அவருடைய கணவர். உத்தரப்பிரதேசத்திலிருந்து திருநெல்வேலிக்கு இந்தக் கதை எளிதாக வந்ததற்குக் காரணம், இரண்டு இடத்திலும் கிராமப் பஞ்சாயத்து என்ற நிறுவனமும் பெண்களுக்கான இட ஒதுக்கீடும் இருப்பதுதான்.

நமக்கு அது அவ்வளவு எளிதல்ல. நமது கிராம உத்தியோகத்தர் மக்கள் தெரிவு செய்த தலைவருக்குக் கீழே வேலை செய்பவர் அல்லர். பிரதேச செயலகத்துக்குப் பொறுப்புச் சொல்பவர். தெரிவு செய்யப்பட்ட பிரதேச சபை வேறு வழியில் இயங்குகிறது, அதன் எல்லையும் ஒரு கிராமத்தைவிட மிகப் பெரியது. உள்ளூராட்சி மன்றங்களில் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு 2018 தேர்தலில்தான் முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. ஆகவே ஊரின் பெயரை மாற்றி, பதவிகளின் பெயரை மாற்றினால் போதும் என்று நினைப்பவர், இரண்டாம் காட்சியிலேயே எவர் எவருக்குக் கட்டளை இடலாம் என்ற கேள்வியில் அகப்பட்டுக்கொள்வார். நமது பார்வையாளர்கள் வதிவிடச் சான்றிதழுக்காக வரிசையில் நின்றவர்கள். எந்தக் கையொப்பத்துக்கு மேல் எந்தக் கையொப்பம் வேண்டும் என்பதை எழுத்தாளரைவிட நன்றாக அறிந்தவர்கள். ஒரு தாளில் கையொப்பங்களின் வரிசையை எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு எழுதத் தொடங்குங்கள்.

மூலத்தில் இல்லாத, நமது அலுவலகங்களில் மட்டும் இருக்கும் அதிகாரங்களையும் அந்தத் தாளில் சேர்த்துக்கொள்ளுங்கள். கொழும்பிலிருந்து சுற்றறிக்கை சிங்களத்தில் மட்டும் வந்து சேரும் நாளில், சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒரே ஊழியர் யாரோ அவர்தான் அன்றைக்கு அலுவலகத்தின் தலைவர். அவர் பதவியில் மிகக் கீழே உள்ளவராக இருந்தால், முகாமையாளர் அவருடைய மேசைக்கு நடந்து போக வேண்டியிருக்கும். இந்த ஒரு நடை முழு அத்தியாயத்தைத் தாங்கும்.

களமும் பெயரும்

ஸ்லௌ லண்டனுக்கு அருகில் உள்ளது. அமெரிக்கத் தொடரின் ஸ்க்ரன்டன் பழைய நிலக்கரி நகரம். ‘த ஒஃபிஸ்’ தொடரின் இந்தித் தழுவலாக 2019இல் வந்ததன் களமான ஃபரிதாபாத் டெல்லியை ஒட்டியது. மூன்றும், பெரிய நகரத்தின் பெயரைச் சொன்னால் கிடைக்கும் மதிப்பு கிடைக்காத ஊர்கள். எங்கள் குழு மட்டக்களப்பு நகரின் மையமான புளியந்தீவைக் கைவிட்டுச் செங்கலடியைத் தேர்ந்ததற்கு அதுவே காரணம். அலுவலகத்துக்கு வரும் வழியையும் சேர்த்தே களத்தைத் தேர்ந்தெடுங்கள். மேற்குப் பக்கமான படுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்து வரும் ஊழியருக்கு “பாதை பிந்திவிட்டது” என்ற காரணம் உண்மையான காரணம். பாதை என்பது இங்கே வாவியைக் கடக்கும் மிதவை. குருமண்வெளியில் பாதைக்காகக் காத்திருப்பவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கிழக்குப் பக்கமான எழுவான்கரையில் பிறந்த முகாமையாளருக்கு அது என்றைக்கும் விளங்காது.

தொடருக்குப் பெயர் வைக்கும்போது எங்களுக்கு ஒரு நல்ல செய்தி கிடைத்தது. சுவீடன் 2012இல் தனது தழுவலுக்குக் ‘கொன்டோரெட்’ என்றும், பின்லாந்து 2017இல் தனது தழுவலுக்குக் ‘கொன்ட்டோரி’ என்றும் பெயர் வைத்தன. 1638இல் மட்டக்களப்புக் கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் நமக்கு விட்டுச் சென்ற, அலுவலகத்தைக் குறிக்கும் ‘கந்தோர்’ என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான். நெடுங்காலம் அந்தக் கோட்டைக்குள்ளேயே மாவட்ட அரச அலுவலகமான கச்சேரி இயங்கியது. தமிழ்நாட்டுத் தொடர்களைக் கேட்டுப் பழகிய எங்கள் முதல் பிரதி முழுவதும் ‘ஆபீஸ்’ என்று இருந்தது. ‘கந்தோர்’ என்று மாற்றிய அன்று அந்த அறையில் இருந்த மின்விசிறியின் சத்தம்கூட எங்களுக்குக் கேட்கத் தொடங்கியது.

யார் யாரை எப்படி அழைக்கிறார்

இந்தப் பகுதிக்கு நான் அதிக இடம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் ஆங்கிலத் தொடரைத் தமிழுக்குக் கொண்டுவருவதில் நான் கற்ற மிகப் பெரிய விடயம் இதுதான். எங்கள் பழைய பிரதியை ஆறு அரச ஊழியர்களுக்கு வாசித்துக் காட்டியபோது, நாங்கள் சிரிப்பு வரும் என்று நினைத்த எந்த இடத்திலும் சிரிப்பு வரவில்லை. முகாமையாளராக வாசித்தவர் களைத்துப்போய், தன்னைவிட மூத்த எழுதுவினைஞரை ஒரு வரியில் ‘அண்ணன்’ என்றும் அடுத்த வரியில் ‘மிஸ்டர்’ என்றும் தவறுதலாக வாசித்துவிட்டார். ஆறு பேரும் ஒரேயடியாகச் சிரித்தார்கள். நாங்கள் எழுதாத அந்தத் தவறுதான் எழுத வேண்டியது என்று அப்போது விளங்கியது.

ஆங்கிலத்தில் முகாமையாளரை முதற்பெயரால் அழைப்பது, அழைக்காமல் விடுவது என்ற அளவிலேயே மரியாதையின் விளையாட்டு நின்றுவிடுகிறது. நமது அலுவலகத்தில் ஒருவரே காலையில் சேர், மதியம் தம்பி, கோயில் வீதியில் மருமகன். ஆகவே கதைவசனம் எழுத முன்னர் ஓர் அட்டவணை போடுங்கள்: ஒவ்வொரு பாத்திரமும் மற்ற ஒவ்வொருவரையும் அலுவலகத்தில் எப்படி அழைக்கிறார், வீட்டில் எப்படி அழைக்கிறார், கோபத்தில் எப்படி அழைக்கிறார் என்று நிரப்புங்கள். எட்டுப் பாத்திரங்கள் என்றால் 56 கட்டங்கள் வரும். எந்தக் கட்டத்தில் அலுவலக விளியும் வீட்டு விளியும் மோதுகின்றனவோ அந்தக் கட்டத்தில் ஒரு காட்சி காத்திருக்கிறது.

எங்கள் அட்டவணையில் முகாமையாளருக்கு 34 வயது. அலுவலக உதவியாளருக்கு 56 வயது, முகாமையாளரின் தாய்க்குத் தம்பி முறை. வீட்டில் அவர் இவரை ‘மனே’ (மகனே) என்று அழைப்பார். இவர் அவரை ‘மாமா’ என்று அழைப்பார். கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து இருவர் வந்திருக்கும் நாளில் முகாமையாளருக்கு அவரை மாமா என்று அழைக்கவும் முடியவில்லை, பெயர் சொல்லி அழைக்கவும் நாக்கு எழவில்லை. தமிழ் அவருக்கு ஒரு வழி வைத்திருக்கிறது:

“பிளேன்ரீ வந்திட்டா?”
“வந்திட்டு.”
“அங்கால மேசைக்கும் வைக்கணும்.”
“வைக்கலாம்.”
“கதிரை காணாது போல.”
“எடுத்தாப்போச்சு.”

ஆறு வரிகளில் எவரும் எவரையும் அழைக்கவில்லை. எல்லா வேலையும் யாரோ செய்வது போலத் தானாக நடக்கிறது. விளியைத் தவிர்ப்பதற்காகவே வினையை இப்படித் திருப்பிப் பேசுவது நாம் ஒவ்வொருவரும் நாள்தோறும் செய்வது. பார்வையாளர் தம்மை அடையாளம் கண்டு சிரிப்பது இங்கேதான். பிறகு மாமா தேநீர்த் தட்டோடு திரும்பிப் போகும்போது, கொழும்பிலிருந்து வந்தவர்களுக்கு முன்னால், “காலையில சாப்பிட்டயா, மனே?” என்று மெல்லிய குரலில் கேட்கிறார். அந்தக் கேள்வியில் உண்மையான கரிசனம் இருக்க வேண்டும். கேலியாக நடித்தால் காட்சி கெட்டுவிடும்.

முஸ்லிம் சகோதரர்களின் விளிகளை எழுதும்போது இன்னும் கவனமாக இருங்கள். மூத்தவரைக் காக்கா என்றும், மூத்த பெண்ணைத் தாத்தா என்றும் அழைப்பது அவர்களுடைய வழக்கு. வேறு மாவட்டத்திலிருந்து புதிதாக வந்த கணக்காளர் ஒருவர், முப்பது வயதுப் பெண்ணை எல்லோரும் ‘தாத்தா’ என்று அழைப்பதைக் கேட்டுத் திகைப்பதாக எழுதலாம். சிரிப்பு அவருடைய அறியாமையின் மேல் விழ வேண்டும், அந்தச் சொல்லின் மேல் விழக்கூடாது. அக்கரைப்பற்றுப் பேச்சும் காத்தான்குடிப் பேச்சும் ஒன்றல்ல என்பதையும் மறக்க வேண்டாம். அந்த ஊரவர் ஒருவர் எழுத்துக் குழுவில் இல்லாமல் அந்தப் பாத்திரத்தை எழுதாதீர்கள்.

‘மறுகா’ (பிறகு), ‘ஏலா’ (முடியாது), பெண்களுக்கிடையே வரும் ‘என்னகா’ போன்ற சொற்களை உப்புப் போல இடுங்கள். பேச்சு வழக்கை மிகையாக்கினால், நமது மொழியையே நாம் கேலி செய்வது போலாகிவிடும். ஒருவர் அலுவலகத் தமிழிலிருந்து ஊர்த் தமிழுக்கு எந்த நொடியில் மாறுகிறார் என்பதுதான் பார்வையாளருக்கு முக்கியம்.

காதல் கதைக்கும் இதே அட்டவணை உதவும். மூலத்தில் வரவேற்பு மேசைப் பெண்ணுக்கு ஏற்கெனவே நிச்சயமாகியிருக்கிறது, அதுவே தடை. நமக்கு அதைவிட ஆழமான தடைகள் உள்ளன. கிழக்குக் கரையில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் தாய்வழியாக வரும் குடி முறை இருக்கிறது; ஒரே குடியினர் சகோதரர் முறையாவர், மணம் செய்வது வழக்கமல்ல. இரண்டு பேர் ஒருவருக்கொருவர் விருப்பத்தைச் சொல்லாமலே ஒரு பருவம் முழுவதையும் கழித்துவிட்ட பிறகு, மூத்த பெண் உத்தியோகத்தர் ஒருவர் மதிய உணவின்போது அவர்களிடம், “நீங்க என்ன குடி?” என்று சாதாரணமாகக் கேட்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். அல்லது பெண்ணின் சீதன வீட்டுக்கு இன்னும் கூரை போட்டு முடியவில்லை. சீமெந்து விலை ஏற ஏற அவர்களுடைய கதையும் தள்ளிப் போகிறது. இவை இந்த மண்ணுக்கு வெளியே எவராலும் எழுத முடியாத காட்சிகள்.

கமெரா ஏன் அங்கே இருக்கிறது?

மூலத் தொடரில் ஓர் ஆவணப்படக் குழு அலுவலகத்தைப் படம்பிடிக்கிறது. ஊழியர்கள் தனித்தனியே கமெராவிடம் மனம்விட்டுப் பேசுகிறார்கள். அரச அலுவலகத்தில் இது நம்பத்தக்கதல்ல. தாபன விதிக்கோவைக்கு உட்பட்ட உத்தியோகத்தர் ஒருவர் அனுமதியின்றி ஊடகத்திடம் பேசமாட்டார். அதிலும் மேலதிகாரியைப் பற்றி ஒருபோதும் பேசமாட்டார். களம் தனியார் கொம்பனி என்றால் இந்தச் சிக்கல் குறையும். தொண்டு நிறுவனம் என்றால் கமெரா இயல்பாகவே இருக்கும், ஏனென்றால் நிதி வழங்குபவருக்குக் காட்டப் படம் தேவை.

ஆனால் நமது மக்களின் நினைவில் கமெரா ஒரு நடுநிலையான பொருள் அல்ல. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நாட்டிலேயே மிக அதிகமான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். அதன் பின்னர் அம்பாறை, மட்டக்களப்பு ஆகிய இரு மாவட்டங்களிலும் உதவிப் பொருளோடு கமெராவும் சேர்ந்தே வந்தது. கமெராவைக் கண்டதும் சட்டையைச் சரிசெய்து, ‘பயனாளிகள்’, ‘வலுவூட்டல்’, ‘பங்குபற்றல்’ என்று செயலமர்வுத் தமிழில் பேசத் தொடங்கும் முகாமையாளரை நாம் எல்லோரும் அறிவோம். மூலத்தின் முகாமையாளர் பேசும் முகாமைத்துவ வாசகங்களுக்கு இதைவிடச் சரியான ஈடு எனக்குத் தெரியாது. அந்த மனிதரின் நம்பிக்கையைக் கெடுக்காமல் எழுதுங்கள். அந்தச் சொற்களை அவர் உண்மையாகவே நம்பியவர்.

கமெரா பொருந்தாத களத்துக்கு இன்னொரு வழி நம்மிடமே இருக்கிறது. வடமோடி, தென்மோடிக் கூத்துகளில் ஒவ்வொரு பாத்திரமும் களரிக்குள் வரும்போது வரவுப் பாட்டின் மூலம் தன்னை இன்னார் என்று சபைக்கு அறிவிக்கிறது. சபை அதை நேருக்கு நேர் ஏற்றுக்கொள்கிறது. பாத்திரம் பார்வையாளரிடம் நேரே பேசுவது நமக்குப் புதிதல்ல. ஆவணப்படக் குழு என்ற காரணமே இல்லாமல், ஊழியர் கோப்பு ஒன்றை மூடிவிட்டு நம்மைப் பார்த்து இரண்டு வாக்கியம் பேசிவிட்டு மீண்டும் கோப்பைத் திறக்கலாம். ஓர் அத்தியாயத்தில் இதைச் செய்து பார்த்தோம். கூத்துப் பார்த்து வளர்ந்த முதியவர்கள் எந்த விளக்கமும் கேட்கவில்லை.

தொடக்கூடாதவையும் தொடும் முறையும்

முகாமையாளர் தவறான இடத்தில் தவறான நகைச்சுவை சொல்லி எல்லோரையும் உறையவைப்பது மூலத்தின் முக்கியக் கருவி. அங்கே அது இனம், நிறம், உடற்குறை பற்றியது. இங்கே காணாமற்போனவர்கள், முகாம்கள், 1990இன் கொலைகள் ஆகியவற்றை அந்தக் கருவியால் தொடாதீர்கள். கேட்பவர்களில் ஒருவருக்கு அது அவருடைய வீட்டுச் செய்தியாக இருக்கும். காயம் ஆழமில்லாத இடத்தைத் தேர்ந்தெடுங்கள். மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று யாழ்ப்பாணத்தில் சொல்லப்படும் பழங்கதை அப்படிப்பட்டது. அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த கணக்காளர் ஒருவர் இடமாற்றத்தில் இங்கே வருகிறார். எந்த வீட்டுக்குப் போனாலும் பாய் விரிக்கிறார்கள். அவர் நின்றுகொண்டே தேநீர் குடிக்கிறார். விருந்தோம்பலையே சூனியம் என்று நினைக்கும் ஒருவர் மெல்ல மெல்ல அமரக் கற்றுக்கொள்வதற்கு ஆறு அத்தியாயங்கள் கொடுக்கலாம்.

உரிமை, படப்பிடிப்பு, வாசிப்பு

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் எண்ணத்தைப் பாதுகாப்பதில்லை. எண்ணம் வடிவெடுத்த படைப்பைப் பாதுகாக்கிறது. அலுவலகம் ஒன்றில் மனிதர்கள் சலிப்போடு வேலை செய்கிறார்கள் என்பது எவருக்கும் சொந்தமல்ல. பாத்திரங்களையும் காட்சிகளையும் கதைவசனத்தையும் எடுத்துத் தழுவுவதானால் உரிமையாளரின் அனுமதி வேண்டும். ‘ஸ்ட்ரோம்பெர்க்’ தொடரே மூலத்தைக் குறிப்பிடாமல் தொடங்கி, பின்னர் பிரித்தானியத் தொடரால் தூண்டப்பட்டது என்று பெயர் போட வேண்டி வந்தது. அனுமதி வாங்கப் பணமில்லாத குழு, மேலே சொன்ன வழியில் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு போனால், இறுதியில் கையில் இருப்பது சொந்தத் தொடராகவே இருக்கும். எங்கள் பிரதியில் மூலத்தின் ஒரு காட்சிகூட இப்போது மிஞ்சவில்லை.

படப்பிடிப்பை மாரிக்கு முன் முடித்துவிடுங்கள். ஒக்டோபருக்குப் பின் தகரக் கூரையில் விழும் மழை எந்த வசனத்தையும் விட்டுவைக்காது. பின்னணி இசையைக் கொண்டு சிரிக்க வேண்டிய இடத்தைச் சுட்டிக்காட்ட வேண்டாம். மின்விசிறியும் தட்டச்சும் வெளியே காகமும் போதும்.

இறுதிப் பிரதியைக் கமெரா முன் வைக்குமுன் மீண்டும் வாசித்துக் காட்டுங்கள். கேட்பவர்களில் உண்மையான எழுதுவினைஞர் ஒருவர், அலுவலக உதவியாளர் ஒருவர், படுவான்கரையிலிருந்து ஒருவர், முஸ்லிம் ஊழியர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். சிரித்த இடத்தை மட்டும் குறிக்காமல், கேட்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட இடத்தையும் குறியுங்கள். எங்கள் இரண்டாம் வாசிப்பில் அந்தத் தேநீர்க் காட்சிக்கு எல்லோரும் சிரித்தார்கள்; முடிந்ததும் பின்வரிசையில் இருந்த அலுவலக உதவியாளர் ஒருவர், “எல்லாரும் இருக்கினம், மாமா மட்டும் கடைசி மட்டும் நிக்கிறாரே?” என்று கேட்டார். அன்றிரவே அந்தக் காட்சியைத் திருத்தினோம். கொழும்புக்காரர் போன பிறகு, முகாமையாளர் எதுவும் பேசாமல் தன் மேசைக்குப் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போடுகிறார்.